தபாற் கூலிக்கும் தரகா?
இணையச் சந்தையில் விற்கும் குடும்பங்களுக்கு ஒரு கணக்குப் பாடம்

சந்தைக்குப் போகும் விவசாயி தரகரிடம் முதலில் கேட்பது, "நூற்றுக்கு எத்தனை?" என்பதே. பத்து என்றால் முகம் சுளிப்பார். ஐந்து என்றால் தலையசைப்பார். ஆனால் அதனோடு சேர்த்துக் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு. "எந்த நூறுக்கு?" என்பதே அக்கேள்வி. பொருளின் விலையாகிய நூறுக்கா, அல்லது அப்பொருளைக் கொண்டுபோய்ச் சேர்த்த கூலியையும் கூட்டி வந்த நூறுக்கா? இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தவறினால் உழைப்பாளியின் கையிலிருந்து எவ்வளவு நழுவிப் போகிறது என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

பாடத்துக்கு நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம் அமெரிக்காவில் தொடங்கிய இணையச் சந்தைகள் பற்றியது. அது நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். காணியை விட்டு வந்த குடும்பத்துக்குத் தோட்டம் இல்லை. கையில் தொழில் மட்டும் இருக்கிறது. பனங்குருத்தோலையில் பெட்டி இழைக்கிறார்கள். ஒடியல் மா இடிக்கிறார்கள். முருங்கையிலையை உலர்த்திப் பொடி செய்கிறார்கள். வீட்டிலுள்ள பிள்ளைகள் கைத்தொலைபேசியில் அவற்றைப் படமெடுத்து, இணையத்தில் விற்கலாமா என்று கேட்கிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் கணக்குத் தெரியாமல் இறங்கினால், உழைப்பு நம்முடையதாகவும் இலாபம் பிறருடையதாகவும் போய்விடும். ஆகவே இறங்கும் முன் படிப்போம்.

இணையச் சந்தை என்பது என்ன?

இணையச் சந்தையை நடத்தும் கொம்பனி பொருள் எதையும் உற்பத்தி செய்வதில்லை. கடை விரிக்க இடம் கொடுக்கிறது. வாங்குவோரை அழைத்து வருகிறது. பணத்தை வாங்கி விற்பவரிடம் சேர்க்கிறது. இதற்காக ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு வீதத்தைத் தரகாக எடுத்துக்கொள்கிறது.

இவற்றுள் ஈபே என்பது 1995 இல் கலிபோர்னியாவின் சான் ஹொசே நகரில் பியர் ஒமிடியார் என்பவரால் தொடங்கப்பட்டது. முதலில் ஏல விற்பனைக்கே பேர்போனது. அமேசன் கொம்பனி தன் தளத்தில் 1999 ஆம் ஆண்டிலிருந்து வெளியாருக்கும் விற்க இடம் கொடுத்தது. எட்சி என்பது 2005 இல் நியூயோர்க்கின் புறூக்லின் பகுதியில் தொடங்கியது. கைவினைப் பொருட்களுக்கென்றே வந்த சந்தை அது. ஆகவே பெட்டி இழைப்பவர்களுக்கு அதன் கதையே மிக நெருக்கமானது.

தரகு தபாற் கூலிக்குத் தாவியது எப்படி?

ஆரம்ப காலத்தில் ஈபேயின் தரகு பொருள் விற்ற விலையின் மீது மட்டுமே எடுக்கப்பட்டது. வாங்குபவர் தபாற் கூலியைத் தனியாகக் கொடுத்தார். விற்பவர் அதைத் தபாலகத்தில் செலுத்தினார். அது வந்து போகும் பணம். விற்பவரின் வருமானம் அல்ல. எனவே அதில் தரகு இல்லை.

இங்கே சிலர் ஒரு தந்திரம் செய்தார்கள். 25 டொலர் பெறுமதியான பொருளுக்கு விலை ஒரு டொலர் என்றும், தபாற் கூலி 30 டொலர் என்றும் எழுதினார்கள். உண்மையான கூலி 6 டொலராக இருக்கும். வாங்குபவர் மொத்தத்தில் 31 டொலரே கொடுக்கிறார். ஆனால் கொம்பனிக்கு ஒரு டொலருக்குரிய தரகே கிடைக்கும். விலை குறைவு என்று நம்பி வந்த வாங்குபவரும் ஏமாற்றமடைவார்.

இதற்கு மறுமொழியாக ஈபே 2011 யூலை முதல் அமெரிக்காவில் தபாற் கூலியையும் சேர்த்து, மொத்தத் தொகையின் மீது தரகு எடுக்கத் தொடங்கியது. இன்று அங்கே பெரும்பாலான பொருள் வகைகளுக்கு அதன் வீதம் 13க்கு மேல். விலை, தபாற் கூலி, விற்பனை வரி ஆகிய மூன்றையும் கூட்டிய தொகையின் மீதே அது கணிக்கப்படுகிறது. அமேசனும் பொருளின் விலை, அனுப்புக் கூலி, பரிசாகச் சுற்றிக் கொடுக்கும் கட்டணம் ஆகியவற்றைச் சேர்த்தே தரகு எடுக்கிறது. பல பொருட்களுக்கு அது 15 வீதம்.

எட்சியும் 2018 யூலையில் அதே வழியில் போனது. அதுவரை பொருளின் விலையில் 3.5 வீதம் எடுத்தது. அம்மாதம் முதல் 5 வீதம் ஆக்கியது; அத்துடன் தபாற் கூலியின் மீதும் அதை விதித்தது. 2022 ஏப்ரலில் 6.5 வீதம் ஆக்கியது.

இந்த மாற்றத்தைக் கவனமாகப் பாருங்கள். 20 டொலர் விலையுள்ள ஒரு பெட்டி, 10 டொலர் தபாற் கூலி என்று வைத்துக்கொள்வோம்.

- 2018 யூலைக்கு முன்: 20 டொலரில் 3.5 வீதம் = 70 சதம்.
- 2018 யூலைக்குப் பின்: 30 டொலரில் 5 வீதம் = 1 டொலர் 50 சதம்.
- 2022 ஏப்ரலுக்குப் பின்: 30 டொலரில் 6.5 வீதம் = 1 டொலர் 95 சதம்.

முதல் மாற்றத்தில் வீதம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. ஆனால் கட்டணம் இரண்டு மடங்குக்கு மேலாகிவிட்டது. காரணம், வீதத்தோடு சேர்த்து அந்த "நூறும்" மாறியதுதான். 5 என்ற எண்ணை மட்டும் பார்த்தவர் இதைக் கண்டிருக்க மாட்டார்.

நமது கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

இப்போது ரூபாவில் வருவோம். இலேசாக விளங்குவதற்காகத் தரகு 10 வீதம் என்று கொள்வோம். கீழுள்ள விலைகளும் கூலிகளும் கணக்குக்காக நாம் எடுத்துக்கொண்டவை. வெளிநாட்டுக்கு அனுப்பும்போது கூலி இதைவிடப் பல மடங்காகலாம். கணக்குப் போடும் முறை மாறாது.

ஒரு பெட்டியின் விலை 2,000 ரூபா. ஓலை, சாயம், இழைத்தவரின் நாட்கூலி எல்லாம் சேர்ந்து அடக்கச் செலவு 1,200 ரூபா. தபாற் கூலி 1,500 ரூபா. அதை வாங்குபவர் கொடுக்கிறார்.

தரகு விலையின் மீது மட்டும் என்றால், 200 ரூபா போகும். 2,000 இலிருந்து 200 ஐயும் 1,200 ஐயும் கழித்தால் மிச்சம் 600 ரூபா.

தரகு மொத்தத்தின் மீது என்றால், 3,500 ரூபாவில் 10 வீதம், அதாவது 350 ரூபா போகும். 2,000 இலிருந்து 350 ஐயும் 1,200 ஐயும் கழித்தால் மிச்சம் 450 ரூபா.

வித்தியாசம் 150 ரூபா மட்டும்தானே என்று எண்ண வேண்டாம். 600 ரூபா இலாபத்தில் கால்வாசி போய்விட்டது. நான்கு பெட்டி இழைத்தால் ஒரு பெட்டியின் இலாபம், நாம் கண்ணாலும் காணாத தபாற் கூலியின் பேரில் கழிக்கப்படுகிறது. பெயருக்கு 10 வீதம் என்றாலும், பொருளின் விலையோடு ஒப்பிட்டால் அது 17.5 வீதம்.

தூரத்துக்கு ஒரு வரி

இதே கணக்கை வேறு மூன்று பொருட்களுக்குப் போட்டுப் பாருங்கள்.

முதலாவது, வாங்குபவருக்குப் பக்கத்து ஊரில் இருக்கும் ஒருவர் அதே பெட்டியை அதே 2,000 ரூபாவுக்கு விற்கிறார். அவருக்குத் தபாற் கூலி 200 ரூபா. தரகு 220 ரூபா. தூரத்திலிருந்து அனுப்பிய நமக்கோ 350 ரூபா. பெட்டி ஒன்று, விலை ஒன்று, உழைப்பு ஒன்று. தூரம் மட்டுமே வேறு. அந்தத் தூரத்துக்காக நாம் 130 ரூபா கூடக் கட்டுகிறோம்.

இரண்டாவது, ஒரு நகை வியாபாரி 20,000 ரூபா மோதிரத்தை 500 ரூபா கூலியில் அனுப்புகிறார். அவருடைய தரகு 2,050 ரூபா. விலையோடு ஒப்பிட்டால் 10.25 வீதம். தபாற் கூலியின் மீதான தரகு அவருக்கு ஒரு தூசு.

மூன்றாவது, ஒரு தாய் 500 ரூபா பெறுமதியான ஒடியல் மாவை 1,500 ரூபா கூலியில் அனுப்புகிறார். மொத்தம் 2,000, தரகு 200 ரூபா. விலையோடு ஒப்பிட்டால் 40 வீதம்!

ஒரே விதி, ஒரே 10 வீதம். ஆனால் மோதிரம் விற்பவருக்கு அது 10. மா விற்பவருக்கு அது 40. விலை குறைந்த, நிறை கூடிய, இடம் பிடிக்கும் பொருளை விற்பவர் மீதும், சந்தைக்குத் தொலைவில் வாழ்பவர் மீதுமே இவ்விதி பாரமாக விழுகிறது. விவசாயக் குடும்பத்தின் பொருட்கள் பெரும்பாலும் இத்தகையவையே. அவர்களிலும் இடம்பெயர்ந்தவர் சந்தையிலிருந்து தாமாக விலகிப் போனவரல்லர், விலக்கப்பட்டவர். 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்களில் ஒரு பகுதியினர் இன்னும் தம் காணிக்குத் திரும்பவில்லை. தூரத்துக்கு வரி விதித்தால், அவர்கள் தாம் தேடிக்கொள்ளாத தூரத்துக்காகவும் வரி கட்டுகிறார்கள். இதுவே நாம் மனத்தில் இருத்த வேண்டிய முதலாவது உண்மை.

இது நியாயமா?

நியாயம் பேசும்போது இரு பக்கத்தையும் கேட்பது நம் கடமை.

கொம்பனியின் பக்கத்தில் ஒரு வாதம் உண்டு. ஒருவர் "தபால் இலவசம்" என்று எழுதி, கூலியைப் பொருளின் விலைக்குள் சேர்த்துவிடுகிறார். அவர் முன்பே கூலியின் மீதும் தரகு கட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் கூலியைத் தனியாக எழுதித் தப்பித்தார். இருவரையும் சமமாக நடத்த வேண்டுமானால் மொத்தத்தின் மீது எடுப்பதே வழி என்கிறார்கள். தந்திரக்காரரைத் தடுக்கவும் அது உதவியது. இந்த வாதத்தை நாம் புறக்கணிக்க முடியாது.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். சிலர் செய்த தந்திரத்துக்கான பரிகாரம், ஒரு சதமும் கூட எழுதாத நேர்மையான விற்பனையாளர் மீதும் விழுந்தது. வேறு வழி இருக்கவில்லையா? ஈபேயும் எட்சியும் தபால் முத்திரைச் சீட்டைத் தம் தளத்திலேயே விற்கின்றன. அங்கே சீட்டு வாங்கிய விற்பனையாளர் உண்மையில் எவ்வளவு கூலி கட்டினார் என்பது அவற்றுக்குத் தெரியும். உண்மையான கூலியைத் தவிர்த்து, அதற்கு மேல் எழுதிய தொகைக்கு மட்டும் தரகு எடுத்திருக்கலாம். அப்படிச் செய்தால் தந்திரக்காரர் மாட்டுவார், நேர்மையானவர் தப்புவார்.

இறைவாக்கினர் ஆமோஸ் ஒரு மேய்ப்பர். அத்தி மரம் பராமரித்த உழைப்பாளி. அளவையைச் சிறிதாக்கி, நிறைகல்லைப் பெரிதாக்கி ஏழையை ஏய்த்த வணிகரை அவர் கடுமையாகக் கண்டித்தார். இன்று தராசு கண்ணுக்குத் தெரிவதில்லை. விதிமுறைப் பக்கத்தில் ஒரு சிறு வரியாக இருக்கிறது. அதை வாசிக்கும் கண் நமக்கு வேண்டும். அதே வேளை, அந்த இறைவாக்கு நமக்கும் உரியது என்பதை மறக்கலாகாது. 400 ரூபா கூலிக்கு 1,500 என்று எழுதினால், நிறைகல்லைப் பெரிதாக்கியவர் நாமே. அத்தகையோர் சிலரால்தான் இவ்விதி எல்லோர் மீதும் வந்தது.

ஈடு செய்யும் விலையைக் கணிப்பது எப்படி?

விதியை நாம் உடனே மாற்ற முடியாது. ஆனால் விலையைச் சரியாக வைக்கலாம். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்.

கூலி 1,500. தரகு 10 வீதம், அதாவது 150. ஆகவே 150 ஐக் கூட்டி 1,650 வாங்கினால் சரிதானே? சரியல்ல. 1,650 இல் 10 வீதம் 165 போகும். கையில் 1,485 தான் வரும். 15 ரூபா குறைகிறது. ஏனெனில் நாம் கூட்டிய 150 ரூபாவின் மீதும் அவர்கள் தரகு எடுக்கிறார்கள்.

சரியான முறை இது: 100 இலிருந்து தரகு வீதத்தைக் கழியுங்கள். வருவதைக் கொண்டு கூலியை வகுத்து, 100 ஆல் பெருக்குங்கள். 10 வீதம் என்றால் 90. 1,500 ஐ 90 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்கினால் 1,667. இதில் 10 வீதம் 167 போக, 1,500 அப்படியே கையில் நிற்கும்.

1,500 ரூபா கூலியை முழுதாகப் பெற வேண்டுமானால் வாங்க வேண்டிய தொகை:

- தரகு 5 வீதம் என்றால் 1,579 ரூபா
- 6.5 வீதம் என்றால் 1,604 ரூபா
- 10 வீதம் என்றால் 1,667 ரூபா
- 13 வீதம் என்றால் 1,724 ரூபா
- 15 வீதம் என்றால் 1,765 ரூபா

இந்தக் கூடுதல் தொகையை எங்கே எழுதுவது? தபாற் கூலி என்ற இடத்தில் உண்மையான தபாற் கூலியையே எழுதுங்கள். கூடுதலைப் பொருளின் விலையில் சேருங்கள். நமது உதாரணத்தில் பெட்டியின் விலை 2,167 ரூபா, கூலி 1,500 ரூபா, மொத்தம் 3,667. இதில் தரகு 367 போக 3,300 வரும். அதில் 1,500 தபாலுக்கு. மிகுதி 1,800 இல் அடக்கம் 1,200 போக, பழைய 600 ரூபா இலாபம் மீண்டும் கையில் நிற்கும். வாங்குபவரும் தபாற் கூலியைப் பார்த்து ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல இடமிராது.

"தபால் இலவசம்" என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. எட்சி 2019 யூலையில், அமெரிக்காவுக்குள் 35 டொலருக்கு மேற்பட்ட கொள்வனவுகளுக்குத் தபாலை இலவசமாகக் கொடுக்கும் கடைகளைத் தேடலில் முன்னே காட்டப்போவதாக அறிவித்தது. இலவசத் தபால் என்று உலகில் ஒன்றுமில்லை. யாரோ ஒருவர் கட்டியே ஆக வேண்டும். கூலியை விலைக்குள் சேர்க்காமல் "இலவசம்" என்று எழுதினால், கட்டுபவர் பெட்டி இழைத்த தாயே.

பொதியைச் சிறிதாக்குங்கள்

தபாற் கூலி குறைந்தால் அதன் மீதான தரகும் தானே குறையும். ஆகவே பொதி கட்டுவதும் இக்கணக்கின் ஒரு பகுதி.

சாதாரண தபாலில் பெரும்பாலும் நிறையே கணக்கு. ஆனால் விரைவுப் பொதிச் சேவைகள் பல, பொதி பிடிக்கும் இடத்தையும் நிறையாக மாற்றிக் கணிக்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் அளந்து பெருக்கி, 5,000 ஆல் வகுப்பது அவற்றின் வழக்கம். வருவதுதான் "கன நிறை". உண்மை நிறை, கன நிறை இரண்டில் எது கூடவோ அதற்கே கூலி.

40 சென்ரிமீற்றர் நீளமும் 40 அகலமும் 30 உயரமும் கொண்ட ஒரு பெட்டியை எடுங்கள். பெருக்கினால் 48,000. 5,000 ஆல் வகுத்தால் 9.6 கிலோ. பனையோலைப் பெட்டியோ ஒரு கிலோகூட இராது. அதனுள்ளே இருக்கும் காற்றுக்கு 8 கிலோவுக்கு மேல் கூலி கட்டுகிறோம். அந்தக் கூலிக்கும் தரகு கட்டுகிறோம்!

பரிகாரம் நம் பாட்டிமார் அறிந்ததே. பெட்டிக்குள் பெட்டி வைத்து அடுக்குவது. பெரியது, நடுத்தரம், சிறியது என்று ஒன்றினுள் ஒன்று அடங்குமாறு மூன்றை இழைத்து ஒரு தொகுதியாக விற்றால், மூன்றுக்கும் ஒரே பொதி. மூன்றும் சேர்ந்து 6,000 ரூபா, கூலி 1,800 என்று கொண்டால், மொத்தம் 7,800, தரகு 780. ஒரு பெட்டிக்கு 260 ரூபா. தனியாக அனுப்பியபோது 350. மடிக்கக்கூடிய பை, சுருட்டக்கூடிய தடுக்கு, தட்டையான விசிறி ஆகியவற்றுக்கும் முதலிடம் கொடுங்கள். மா, பொடி போன்றவற்றை ஒரு பைக்கற்றாக அல்ல, ஐந்து பைக்கற் கட்டாகவே விற்பனைக்கு வையுங்கள்.

மரக்கறிச் சந்தையிலும் இதே கணக்கு

இணையத்தில் விற்காத விவசாயிக்கும் இப்பாடம் உரியது. 1,000 கிலோ பூசணிக்காயைத் தூரத்துச் சந்தைக்கு லொறியில் அனுப்புகிறீர்கள் என்று கொள்வோம். அங்கே கிலோ 100 ரூபாவுக்கு விற்கிறது. மொத்தம் 100,000 ரூபா. லொறிக் கூலி 20,000. தரகர் விற்ற தொகையில் 10 வீதம், அதாவது 10,000 எடுக்கிறார். கையில் வருவது 70,000.

தூரத்துச் சந்தையில் கிடைத்த 100 ரூபா விலைக்குள் லொறிக் கூலியும் அடங்கியிருக்கிறது. அதைக் கழித்தால் காயின் பெறுமதி 80,000 மட்டுமே. ஆக, தரகர் எடுத்த 10,000 இல் 2,000 ரூபா லொறிக் கூலியின் மீது எடுத்தது. காயின் பெறுமதியோடு ஒப்பிட்டால் அவர் எடுத்தது 12.5 வீதம். இதற்கு மேலாக, சில சந்தைகளில் நிறையிலும் கழிவு வெட்டுவதை நீங்கள் அறிவீர்கள். அப்போது மேலும் ஒரு பங்கு போகிறது.

ஆகவே பக்கத்துச் சந்தை 75 ரூபா தருகிறது, தூரத்துச் சந்தை 100 ரூபா தருகிறது என்று கேள்விப்பட்டவுடன் லொறி பிடிக்க வேண்டாம். தூரத்தில் 100 ரூபா என்பது கையில் 70 ரூபா. பக்கத்துச் சந்தையில் 75 ரூபா, தரகு 5 வீதம், கூலி கிலோவுக்கு ஒரு ரூபா என்றால் கையில் 70 ரூபா 25 சதம். இரண்டும் ஒன்றுதான், வழியில் பழுதாகும் காய் வேறு.

விற்பதற்கு முன் கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

1. தரகு வீதம் எத்தனை?
2. அது எதன் மீது? விலை மட்டுமா, தபாற் கூலியும் பொதி செய்யும் செலவும் வரியும் சேர்ந்ததா?
3. விற்றாலும் விற்காவிட்டாலும் கட்ட வேண்டிய கட்டணம் உண்டா? (எட்சியில் ஒரு பொருளை நான்கு மாதத்துக்குக் காட்சிக்கு வைக்க 20 அமெரிக்கச் சதம்.)
4. பணத்தை வாங்கிச் சேர்ப்பதற்குத் தனிக் கட்டணம் உண்டா? அதுவும் மொத்தத்தின் மீதா?
5. விளம்பரத்துக்குக் கட்டணம் உண்டா? வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டா?
6. பொருள் திரும்பி வந்தால், கட்டிய தரகு, தபாற் கூலியின் மீதான தரகு இரண்டும் திரும்பக் கிடைக்குமா?
7. பணம் எத்தனை நாளில், எந்த நாணயத்தில், எந்த மாற்று விகிதத்தில் கைக்கு வரும்?

கட்டண விதிகள் அடிக்கடி மாறுபவை. மேலே சொன்ன வரலாறே அதற்குச் சாட்சி. ஆகவே பொருளை விற்பனைக்கு வைக்கும் நாளில் ஒரு முறையும், பின்னர் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் இவ்வேழையும் பார்த்துக் கொப்பியில் குறித்து வையுங்கள்.

சேர்ந்து செய்யக்கூடியவை

2022 ஏப்ரல் 11 ஆம் திகதி தொடங்கி ஒரு வார காலம், எட்சியில் விற்கும் ஆயிரக்கணக்கானோர் கட்டண உயர்வுக்கு எதிராகத் தம் கடைகளை மூடிப் போராடினார்கள். பல நாடுகளில் தனித்தனி வீடுகளில் இருந்து தைப்பவரும் பின்னுபவரும் ஒரே குரலில் பேசினார்கள். 6.5 வீதம் குறையவில்லை. ஆயினும், தனித்திருப்பவர் கட்டணத்தை ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாது என்ற உண்மையை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

நமக்குக் கூட்டுறவு புதிதல்ல. சங்கக் கடையில் அரிசி வாங்கி வளர்ந்தவர்கள் நாம். பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் பின்வருவனவற்றைச் செய்யலாம்.

ஒரே கணக்கைத் திறந்து, கணக்குத் தெரிந்த இளைஞர் ஒருவரையும், அவரது கொப்பியைப் பார்வையிட மூத்தவர் இருவரையும் நியமிக்கலாம். வாரத்தில் ஒரு நாளை அனுப்பும் நாளாக வைத்து எல்லோருடைய பொதியையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். வெளிநாட்டில் நம்பிக்கையான உறவினரோ பங்குச் சமூகமோ இருந்தால், பெரிய பொதி ஒன்றாக அங்கே அனுப்பி, அவர்கள் உள்ளூர்த் தபாலில் பிரித்து அனுப்பச் செய்யலாம். அப்போது ஒவ்வொரு விற்பனையிலும் வரும் தபாற் கூலி சிறிது. அதன் மீதான தரகும் சிறிது. பெரிய பொதியின் கூலியை மட்டும் எல்லாப் பொருட்களுக்கும் பங்கிட்டு விலையில் சேர்க்க மறக்க வேண்டாம். இதைச் செய்யும்போது சுங்க விதிகளை முன்கூட்டியே விசாரித்து, விற்பனைப் பொருள் என்று உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும்.

எல்லாவற்றிலும் மேலாக, இணையச் சந்தையை நமது ஒரே வாசலாக வைத்துக்கொள்ள வேண்டாம். பங்குத் திருவிழா, பாடசாலைக் கண்காட்சி, நகரத்துக் கடை, நேரடியாகக் கேட்டு வாங்கும் குடும்பங்கள் என்று வேறு வாசல்களும் திறந்திருக்கட்டும். ஒரு வாசலில் கட்டணம் ஏறினால் மற்ற வாசலால் போகலாம்.

பயிற்சிக் கணக்கு

ஒரு கூடையின் விலை 1,200 ரூபா. தபாற் கூலி 800 ரூபா. அடக்கச் செலவு 700 ரூபா. தரகு 15 வீதம், மொத்தத்தின் மீது.
(அ) தரகு எவ்வளவு? (ஆ) விலையோடு ஒப்பிட்டால் அது எத்தனை வீதம்? (இ) கையில் மிஞ்சும் இலாபம் எவ்வளவு? (ஈ) தரகு விலையின் மீது மட்டும் என்றால் எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

குழுவாகக் கலந்துரையாட

1. நமது ஊரில் செய்யப்படும் பொருட்களில், தபாற் கூலி விலையை விட அதிகமாக வருபவை எவை? அவற்றை எப்படிச் சிறிதாக்கலாம்?
2. சென்ற போகத்தில் நீங்கள் சந்தைக்கு அனுப்பிய ஒரு லொறி மரக்கறியின் கணக்கை எடுங்கள். கூலியின் மீது எவ்வளவு தரகு போயிற்று?
3. பிறர் செய்த தந்திரத்துக்காக நேர்மையானவர் பாரம் சுமக்கும் வேறு சந்தர்ப்பங்கள் நம் கிராமத்தில் உண்டா? நாம் அதை எப்படி எதிர்கொள்கிறோம்?
4. மாதர் சங்கமும் இளைஞரும் சேர்ந்து ஒரு பொது விற்பனைக் கணக்கைத் தொடங்க என்னென்ன தேவை? யார் பொறுப்பேற்பார்?

பயிற்சிக்கு விடை: (அ) 300 ரூபா (ஆ) 25 வீதம் (இ) 200 ரூபா (ஈ) 320 ரூபா. விடை சரியாக வந்தவர்கள், வராதவர்களுக்குப் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுங்கள்.